கிதிர் முகம்மது சாகிபு அனுமதியின்றிப் போன அரைநாள்

கடையநல்லூர் ஜனாப் கிதிர் முகம்மது சாகிபு அவர்களுக்கு,

கதவோரம் நின்றே காலம் கழித்தும் கச்சேரிக்கே கண்ணாக இருந்தவரே! காகிதக் கட்டைச் சுமந்த தோளில் அயலார் கவலையையும் சேர்த்துச் சுமந்தவரே! கொதித்து வந்தவரைக் குளிர வைத்தவரே, அழுது வந்தவரை அமர வைத்தவரே! முப்பத்து மூன்று ஆண்டுகள் மார்பில் அணிந்த டவாலிப் பட்டையின் பித்தளை வில்லையை ஒரு நாளும் மங்க விடாதவரே! தங்களுக்கு எங்கள் வணக்கமும் ஸலாமும்.

இந்த 1946 ஜூன் மாதத்தோடு தாங்கள் இந்த டிப்டி தாசில்தார் கச்சேரியின் சேவகர் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறீர்கள். பாராட்டு மடல் என்றால் குணங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். நேரம் தவறாமை, நேர்மை, பணிவு, பொறுமை என்று நாங்களும் அடுக்கிப் பார்த்தோம். பெயரை மட்டும் மாற்றினால் அது யாருக்கும் பொருந்தும் போலிருந்தது. அதனால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, தாங்கள் யாரிடமும் சொல்ல விரும்பாத ஒரு நாளை இந்தச் சபையில் சொல்லத் துணிந்தோம். மலையடிப்பத்து முப்பிடாதியம்மாள் எங்களுக்குச் சொன்னபடியே சொல்கிறோம். எழுந்து போய்விடாமல் கேட்டருள வேண்டும்.

நடந்தது நாலு வருஷத்துக்கு முன்னால், 1942, சித்திரபானு வருஷம் ஆவணி மாதம். நாடெங்கும் கொந்தளிப்பு. அங்கங்கே தந்திக் கம்பிகள் அறுபட்டன, தண்டவாளங்கள் பெயர்ந்தன. துப்பாக்கி என்ற சொல் காதில் விழுந்தாலே அதிகாரிகளுக்குத் தூக்கம் போன காலம். அந்த மாதத்தில்தான் முப்பிடாதியம்மாளின் புருஷர் குற்றாலிங்கம் வயல் வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வீட்டுக்குத் தூக்கி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

அவர் வீட்டுச் சுவரில் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று தொங்கியது. மலையிலிருந்து இறங்கும் பன்றிகளிடமிருந்து பயிரைக் காக்கச் சர்க்கார் அவருக்கு லைசென்ஸ் கொடுத்திருந்தது. லைசென்ஸ்காரர் இறந்தால் வீட்டார் உடனே தெரிவித்துத் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் கார் நெல் மணி முற்றி நின்ற நேரம் அது. துப்பாக்கி போனால் பயிரும் போகும்.

இரண்டாம் நாளே குற்றாலிங்கத்தின் தம்பி சங்கிலிப்பாண்டி கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மதினி, அறுப்பு முடிஞ்சு நெல்லு களத்துக்கு வார வரைக்கும் அண்ணன் சாகல. சர்க்காருக்குத்தான் சொல்லுதேன்.”

“ஊரு முன்சீப்பு சாவுக் கணக்குல எழுதிருவாரே?”

“முன்சீப்பு யாரு, நம்ம மாமாதான? அவரு பேனாவுக்கு ஒரு மாசம் காய்ச்சல்னு வச்சுக்கிடுங்க.”

“சர்க்காருக்குச் சாகாத மனுசனுக்கு நான் எதுக்கு இந்த மூலையில உக்காந்திருக்கேன்?”

சுற்றி இருந்த பெண்கள் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார்கள். சங்கிலிப்பாண்டி காதில் விழாதவர் போலத் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். அவர் கெட்டவர் அல்லர். அண்ணன் வயலும் அவர் வயலும் ஒரே வாய்க்காலில் குடிப்பவை. பன்றிக்கு வரப்பு கிடையாது.

புருஷனை இழந்தவள் பதினாறாம் நாள் முடியும் வரை மூலையில் உட்கார வேண்டும், வாசல் தாண்டக் கூடாது. அந்த வீட்டுப் பொருள் எதுவும் அதுவரை வாசல் தாண்டக் கூடாது. ஊர் வழக்கம் அது. முப்பிடாதியம்மாளால் அப்படி உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் கால் துடித்தது. எழுந்தால் நாலு பேர் பார்த்தார்கள். துட்டி கேட்டு, துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் கட்டிக்கொண்டு அழும்போதும் அவள் கண் அவர்கள் தோளுக்கு மேலே சுவரைத்தான் பார்த்தது. துக்கத்துக்கு என்று மனதில் ஓர் இடம் வேண்டும் அல்லவா? அந்த இடத்தையும் துப்பாக்கி பிடித்துக்கொண்டது.

காரணம் அவள் மகன் நம்பிராஜன். பத்தொன்பது வயது. போலீஸ் வேலைக்கு ஆள் எடுத்தபோது ஓட்டத்திலும் உயரத்திலும் தேறி, நன்னடத்தை விசாரணைக்காகக் காத்திருந்தான். அந்தியானால் சித்தப்பா சொல்படி அவன்தான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வயல் காவல் பரணுக்குப் போனான். வயல் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் மற்றவர்களுக்கு ஒரு பன்றி கணக்கு. முப்பிடாதியம்மாளுக்கோ, மகனுடைய வேலை ஒரு சாண் தள்ளிப் போனதாகப் பட்டது.

“ஏலே, அப்பா இல்லாம அதத் தொடக்கூடாதுலே,” என்றாள்.

“எம்மா, பன்னிக்கு லைசென்சு படிக்கத் தெரியுமா? நீ சும்மா கிட.”

ஐந்தாம் நாள், இலஞ்சிப் பக்கத்திலிருந்து துட்டிக்கு வந்த ஒருவர் சொன்னார். கான்ஸ்டேபிள்கள் ஊர் ஊராகத் துப்பாக்கி எண்ணுகிறார்களாம். லைசென்ஸ்காரரை நேரில் நிறுத்தச் சொல்கிறார்களாம். இரண்டு மூன்று நாளில் இந்தப் பக்கம் வந்துவிடுவார்களாம்.

“வந்து கேட்டா, அண்ணன் காய்ச்சலா உள்ள படுத்திருக்காருன்னு சொல்லிருவோம்,” என்றார் சங்கிலிப்பாண்டி.

“வாசல்ல பந்தலயும் போட்டுக்கிட்டு, உள்ள ஒப்பாரியும் வச்சுக்கிட்டா?” என்று வந்தவர் கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. முப்பிடாதியம்மாள் அப்போதே முடிவு செய்துவிட்டாள். ஆனாலும் ஓர் இரவைக் கழிக்க வேண்டியிருந்தது. மறுநாள் விடிந்ததும் நம்பிராஜன் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டான். வீட்டில் மற்ற எல்லாரும் வாய்க்காலுக்குப் போன நேரம் பார்த்து முப்பிடாதியம்மாள் அதை எடுத்து நெல் குதிருக்குள் செருகி, மேலே நெல்லைத் தள்ளி மூடினாள். பிறகு கொல்லை வழியாக இறங்கினாள்.

சாரல் ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டிருந்தது. பெரிய சாலையில் போனால் ஆட்கள் எதிர்ப்படுவார்கள் என்று வரப்பு வழியாகவே மூன்று மைலுக்கு மேல் நடந்தாள். அப்படியும் ஒரு வண்டிக்காரர் எதிரே வந்துவிட்டார். அவள் கோலத்தைப் பார்த்ததும் மாட்டைப் பிடித்து நிறுத்தி, அவள் கடந்து போகும் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். முப்பிடாதியம்மாள் நின்று வருத்தப்படக்கூட இல்லை. தென்காசிக் கோயிலின் பிளந்த கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தபோதுதான், கச்சேரியில் யாரிடம் என்ன சொல்வது என்று தனக்குத் தெரியாது என்பதே அவளுக்கு நினைவு வந்தது.

நம் துணைக் கச்சேரியில் அப்போது ஆயுத லைசென்ஸ் பார்த்தவர் குமாஸ்தா தில்லைநாயகம். அவர் சொன்னதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

“முன்சீப்பு ரிப்போர்ட் வரலையேம்மா. அது வராம எங்களுக்கு உங்க வீட்டுக்காரர் உயிரோடதான் இருக்காரு.”

“இல்லய்யா. நாந்தான் பாத்தேன்.”

“நீங்க பாத்தாப் போதுமா? சர்க்கார் பாக்க வேண்டாமா? சரி, லைசென்சு யாரு பேருல?”

முப்பிடாதியம்மாள் வாயைத் திறந்தாள். இருபத்தோரு வருஷமாகச் சொல்லாத பெயர். புருஷன் பெயரை உயிரோடு இருந்தபோது சொல்லாதவள், ஆறாம் நாள் ஒரு கச்சேரியில் நின்று எப்படிச் சொல்வாள்? முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

“பேரு சொல்லாம நான் எந்தக் காகிதக் கட்ட அவுக்க? மலை மாதிரிக் கெடக்கு. போயி முன்சீப்பைக் கூட்டிட்டு வாங்க!”

அப்போது கதவோரத்திலிருந்து தங்கள் குரல் வந்தது.

“ஐயா, அந்தத் தங்கச்சி பேரு சொல்ல மாட்டாக. நீங்க எந்த ஊரு, தங்கச்சி?”

“மலையடிப்பத்து.”

“மலையடிப்பத்தா? ஒத்தக்குழல். மார்கழியில புதுசு பண்ணிக் குடுத்தோம். குற்றாலிங்கம் அண்ணாச்சி.” அதைச் சொன்ன பிறகுதான் தங்களுக்கே உறைத்தது. “அல்லா! அவுகளா போயிட்டாக?”

கட்டு வந்தது. பெயர் வந்தது. ஆனாலும் முன்சீப்பு ரிப்போர்ட் இல்லாமல் தம்மால் எதுவும் எழுத முடியாது என்று தில்லைநாயகம் கையை விரித்துவிட்டார். தாங்கள் அவரோடு வாதாடவில்லை. முப்பிடாதியம்மாளை வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போய், மனு எழுதுபவர் முன்னால் நிறுத்தினீர்கள்.

“தங்கச்சி, செத்தவுகளப் பத்திச் சர்க்காருக்கு நாலு காது. ஒரு காதுல சொன்னா மத்த காதுக்குக் கேக்காது. கச்சேரிக்கு ஒண்ணு, போலீசுக்கு ஒண்ணு, முன்சீப்புக்கு ஒண்ணு, பட்டா மாத்த, நிலக் கணக்கு எழுதுற கர்ணத்துக்கு ஒண்ணு. நாலும் இன்னிக்கே போவணும். உக்காருங்க, எழுதட்டும்.”

“உக்காந்து உக்காந்துதான் அண்ணாச்சி இங்கன ஓடி வந்தேன்.”

அவள் உட்காரவில்லை. எழுதுபவர் நான்கு மனு எழுதி முடிக்கும் வரை மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நடுவில் இரண்டு முறை, “நம்பி எந்திரிச்சிருப்பான்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முதல் மனுவைத் தாங்கள் தபால் மேஜைக்கு எடுத்துப் போனீர்கள். அங்கே வருகிற எந்தத் தாளுக்கும் அன்றைய தேதி முத்திரை குத்தியே ஆக வேண்டும். யார் ரிப்போர்ட்டும் தேவையில்லை. முத்திரை விழுந்த நகலை அவள் கையில் கொடுத்தீர்கள். முன்சீப்புக்கும் கர்ணத்துக்கும் ரிஜிஸ்தர் தபால். இனி, பேனாவுக்குக் காய்ச்சல் என்று யாரும் சொல்ல முடியாது.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் அவளைத் தாங்களே அழைத்துப் போனீர்கள்; அங்கேதான் கதை திரும்பியது. ஹெட் கான்ஸ்டேபிள் மனுவைப் படித்தார்.

“நல்ல காரியம் பண்ணுனீங்க. துப்பாக்கி எங்க?”

“வீட்டுல இருக்குய்யா.”

“அப்ப இன்னிக்குப் பொழுது சாயிறதுக்குள்ள நீங்களே கொண்டாந்தா டெபாசிட்டுனு எழுதுவேன். நாளைக்கு நாங்க வந்து எடுத்தா அது பறிமுதல். வீட்டுல இருக்கிற ஆம்பளைக பேரு அத்தனையும் எழுதணும். ஆறு நாளா சுட்டது யாருன்னும் கேக்கணும். அப்புறம் எங்க மேல வருத்தப்படக் கூடாது.”

முப்பிடாதியம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தனியாகப் போய்க் கேட்டால் சங்கிலிப்பாண்டி துப்பாக்கியை வெளியே விடமாட்டார். போகாவிட்டால் நாளை நம்பிராஜன் பெயர் எழுதப்படும். அப்போதுதான் பகல் பன்னிரண்டு தாண்டியிருந்தது.

தாங்கள் கச்சேரிக்கு ஓடி வந்து அரைநாள் விடுப்பு கேட்டீர்கள்.

“என்ன வேய் இது? டிப்டி தாசில்தார் ஐயா முகாம்ல இருக்காரு. சாயங்காலம் முகாம் தபால் போகணும். நீரு போயிட்டா நானா தூக்கிட்டுப் போக?” என்றார் தில்லைநாயகம். “அனுமதி கிடையாது.”

தாங்கள் நேரே கதவோரம் போனீர்கள். டவாலியைக் கழற்றி ஆணியில் மாட்டினீர்கள். டவாலியோடு போயிருந்தால் மலையடிப்பத்தில் பாதிப் பேர் அதைப் பார்த்தே வழிவிட்டிருப்பார்கள். ஆனால் உத்தரவு இல்லாமல் சர்க்கார் பெயரைச் சொல்லி ஒரு வீட்டுக்குள் நுழையத் தங்களுக்கு மனம் வரவில்லை. வெறும் சட்டையோடு, அந்த அம்மாளுக்குப் பத்தடி பின்னால் நடந்தீர்கள்.

மலையடிப்பத்தில் அதற்குள் ஊரே கூடிவிட்டது. சுவரில் துப்பாக்கியைக் காணோம், மூலையில் முப்பிடாதியம்மாளைக் காணோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் கிணற்றுக்கும் ஓடைக்கும் ஓடினார்கள். நம்பிராஜன் மலை ஏறித் தேடிவிட்டு, முள் கிழித்த காலோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். தாயைக் கண்டதும் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

சங்கிலிப்பாண்டிக்குப் பயம் போனதும் கோபம் வந்தது.

“ஆறாம் நாளு வாசல் தாண்டிட்டியளே மதினி! இந்த வீட்டு மானத்த எங்கன கொண்டுபோயி வித்துட்டு வாரிய? யாரு இந்தச் சாயபு?”

“கச்சேரில சொல்லிட்டேன், கொழுந்தனாரே. முத்திரை விழுந்துட்டு. பொழுது சாயிறதுக்குள்ள துப்பாக்கிய அங்கன சேக்கணும். இல்லன்னா நம்பி பேரு எழுதுவாக.”

“பதினாறு முடியாம இந்த வீட்டுலேருந்து ஒரு செம்புத் தண்ணி வெளிய போகாது. துப்பாக்கியா போகும்? போகட்டும், பாக்கேன்!” என்று அவர் நிலைப்படியில் கையை ஊன்றி நின்றார். அவர் பின்னால் இன்னும் நாலு பேர் நின்றார்கள்.

தாங்கள் பந்தல் காலுக்கு அப்பாலேயே நின்று சொன்னீர்கள்.

“அண்ணாச்சி, உங்க வழக்கத்துல நான் குறுக்க வரல. இந்த வீட்டுச் சாமான் வெளிய போகக் கூடாது, நியாயந்தான். ஆனா துப்பாக்கி இந்த வீட்டுச் சாமானா? மார்கழிக்கு மார்கழி தாள் மாத்திக் குடுத்தாத்தான் அது இங்கன தங்கும். அது சர்க்கார் அனுப்புன விருந்தாளி. குற்றாலிங்கம் அண்ணாச்சி ஒருத்தரை நம்பித்தான் இங்கன வந்துச்சு. துட்டி வீட்டுக்கு வந்த விருந்தாளி பதினாறு நாளா உக்காந்திருப்பான்? போயிட்டு வாரேன்னுகூடச் சொல்லாம எந்திரிச்சுப் போறதுதான மொறை?”

துட்டிக்கு வந்து நாலு நாளாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் உறவினர் தலையைக் குனிந்துகொண்டார். பெண்கள் பக்கம் யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். ஆறு நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

சங்கிலிப்பாண்டி சிரிக்கவில்லை. “அப்ப வயலு?” என்றார். அது மட்டும்தான் உண்மையான கேள்வி.

முப்பிடாதியம்மாள்தான் பதில் சொன்னாள். “வயலு அடுத்த வருசமும் விளையும், கொழுந்தனாரே. ஒரு தடவ கேசு விழுந்தா இவன் விளைய மாட்டான்.”

சங்கிலிப்பாண்டியின் கை நிலைப்படியிலிருந்து மெல்ல இறங்கியது. அவள் உள்ளே போய்க் குதிருக்குள் கைவிட்டுத் துப்பாக்கியை இழுத்தாள். நம்பிராஜன் அதை வாங்கிக் கவிழ்த்தான். குழலிலிருந்து நெல் சரசரவென்று கொட்டியது. முற்றத்துக் கோழிகள் ஓடிவந்தன. உள்ளே வெடிமருந்து இல்லை என்று பார்த்துச் சொல்லிவிட்டு அவன் தங்களிடம் நீட்டினான். தாங்களோ இரண்டடி பின்வாங்கினீர்கள்! முப்பது வருஷம் துப்பாக்கிக் காகிதம் சுமந்த கை அன்று வரை துப்பாக்கியைத் தொட்டதில்லையாம். கடைசியில் முத்திரை போட்ட நகலை இடுப்பில் செருகிக்கொண்டு முப்பிடாதியம்மாளே அதைத் தூக்கிக்கொண்டாள். அன்று அவள் நடந்தது பன்னிரண்டு மைலுக்குக் குறையாது. பொழுது சாய அரை நாழிகை இருக்கும்போது ஹெட் கான்ஸ்டேபிள் ரசீது எழுதினார். “இறந்தவரின் மனைவி தாமே கொண்டுவந்து ஒப்படைத்தது.”

அதற்கு மூன்றாம் நாள் கான்ஸ்டேபிள்கள் மலையடிப்பத்துக்கு வந்தார்கள். ரசீதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். இதே போல மறைத்து வைத்திருந்த வேறொரு வீட்டில் மூன்று ஆண்கள் மேல் வழக்கு விழுந்தது.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் பன்றிகள் அந்த வருஷம் பாதி வயலை உழுதுவிட்டன. தகரம் தட்டியும் தீப்பந்தம் காட்டியும் மிச்சத்தைத்தான் காக்க முடிந்தது. வாசல் தாண்டியவள் வீடு என்று பதினாறாம் நாளுக்குப் பாதி உறவு வரவில்லை. சங்கிலிப்பாண்டி முழுசாக இரண்டு வருஷம் மதினியோடு பேசவில்லை. ஆனால் நன்னடத்தை விசாரணையில், வீட்டில் ஆயுதம் உண்டா என்ற கேள்விக்கு நேரே அந்த ரசீதின் தேதி எழுதப்பட்டது. நம்பிராஜன் இன்று பாளையங்கோட்டையில் கான்ஸ்டேபிளாக இருக்கிறார். தாயாரை அழைத்துக்கொண்டு இந்த விழாவுக்கு வந்திருக்கிறார்.

பெரியீர்! அந்த அரைநாளுக்குத் தாங்கள் கொடுத்த விலை எங்களுக்குத் தெரியும். அன்று மாலை முகாம் தபால் போகவில்லை. அனுமதியின்றிக் கச்சேரியை விட்டுப் போனதாகத் தங்கள் மேல் குறிப்பு எழுதியவர் தில்லைநாயகம். விளக்கம் கேட்டபோது தாங்கள் எழுதித் தந்தது ஒரே வரி: “ஒரு மரணம் தெரிவிக்க உதவிக்குப் போனேன்.” தங்கள் சர்வீஸ் புஸ்தகத்தில் சிவப்பு மையில் ஓர் எச்சரிக்கை ஏறியது. அதனால் அடுத்த வருஷம் தங்களுக்கு வர வேண்டிய, சேவகர்களுக்குத் தலைவரான தபேதார் வேலை தங்களுக்குப் பன்னிரண்டு வருஷம் இளையவருக்குப் போயிற்று. அவருக்கு வேலை சொல்லிக் கொடுத்ததும் தாங்கள்தான். அந்த விஷயத்தில் நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. இதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்ளவே இந்த மடல் எழுதினோம்.

சென்ற வாரம் தில்லைநாயகம் டிப்டி தாசில்தார் ஐயாவிடம் போய், அந்தச் சிவப்பு வரியை நீக்கித் தர வேண்டும் என்று மனுக் கொடுத்தார். ஐயாவும் சம்மதித்தார். புஸ்தகம் மேஜைக்கு வந்தது, பேனாவும் வந்தது. தாங்கள்தான் கையால் அந்தப் பக்கத்தை மூடினீர்கள்.

“அது கெடக்கட்டும்யா,” என்றீர்கள். “நான் அங்கன போனேங்கிறதுக்குச் சர்க்காருல இருக்கிற ரசீது அது ஒண்ணுதான்.”

அந்த வரி அப்படியே இருக்கிறது. நாளை முதல் தங்கள் ஆணியில் வேறொருவர் டவாலி தொங்கும். தாங்கள் கடையநல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே, மக்களும் பேரர்களும் சூழ, கண்ணொளி குன்றாமல், கால்வலி இல்லாமல், நெடுங்காலம் நிறைவோடு வாழ வேண்டும். சர்க்காரின் நாலு காதையும் தேடி, தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு தங்கள் வீட்டார் எந்தக் கச்சேரி வாசலிலும் வந்து நிற்கும் நாள், எங்களில் இளையவரும் ஓய்வு பெற்றுப் போன பிறகே வரட்டும். அன்று யார் இருந்தாலும், அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு முதல் தாளுக்குத் தேதி போட்டுக் கொடுக்க வேண்டும் என்று இங்கே எழுதி வைக்கிறோம்.

தங்கள் அன்பை மறவாத
துணைக் கச்சேரி ஊழியர்கள்

தில்லைநாயகம், ஆயுத லைசென்ஸ் குமாஸ்தா
நாறும்பூநாதன், தபால் குமாஸ்தா
காஜா, தபேதார்
மற்றும் சேவகர்கள் அனைவரும்

தென்காசி, விய வருஷம் ஆனி மாதம்